லவ் பேர்ட்ஸ் வாங்கும் முன்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எட்டு வயது மகள் கிளி வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். தென்னம்பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சு எடுத்துத் தருவதாகக் கொழுந்தனார் சொல்கிறார். வளர்க்கலாமா?"

அந்தக் குஞ்சு பொந்திலேயே இருக்கட்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பாலும் சோறும் ஊட்டியே வளர்த்து, சுண்ணாம்புச் சத்தில்லாமல் கால் வளைந்துபோன குஞ்சுகளைச் சிகிச்சை மேசையில் பார்த்தவன் நான். மனசு கேட்காது.

பட்ஜி வளர்க்கலாம். கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று தருவது பெரும்பாலும் இந்த ஆஸ்திரேலியக் குருவிக்கிளியைத்தான். நெற்றியில் மூக்கு வரை வரிக்கோடு இருந்தால் மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்டது. பழக்க ஏற்ற வயது. ஐந்திலிருந்து பத்து வருஷம் வரை இருக்கும். மகள் பிளஸ் டூ போகும்போதும் தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள்.

கூண்டு உயரத்தைவிட அகலமாக இருப்பது முக்கியம். கிளி பக்கவாட்டில்தான் பறக்கும். பால்கனியில் தொங்கவிடாதீர்கள்: வெயில், பூனை, ஐப்பசி வந்தால் சாரல். சமையலறை அதைவிட ஆபத்து. நான்ஸ்டிக் தவா வெறுமனே காய்ந்தால் வரும் புகை நமக்குத் தெரியாது. கிளி சில நிமிடங்களில் செத்துவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணியும் வேண்டாம். ஃபேன் ஓடும்போது கூண்டைத் திறக்கவே கூடாது.

தினை மட்டும் போட்டால் வைட்டமின் ஏ குறையும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் தினமும் கொஞ்சம் வையுங்கள். அவகாடோ, சாக்லேட் விஷம். சுண்ணாம்புச் சத்துக்கு உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்குமே கணவாய் ஓடு, அதுதான். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்பார்கள். இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, உப்புப் போனபின் வெயிலில் காயவைத்துக் கூண்டுக் கம்பியில் கட்டிவிடுங்கள். கொறித்துக்கொண்டே இருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கிளி நோயைக் காட்டிக்கொள்ளாது. காட்டில் சோர்ந்த பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும், அந்தப் பயம் கூண்டிலும் போகாது. அது இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்காரும்போது நோய் முற்றியிருக்கும். அதனால் வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். முப்பது கிராம் பறவைக்கு மூன்று கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போயிற்று என்று அர்த்தம். மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினால் அன்றைக்கே கிளம்புங்கள். புதுச்சேரி குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூண்டை மெல்லிய துணியால் மூடிக் கொண்டுபோங்கள். அவசரத்தில் அடியிலிருக்கும் காகிதத்தை மாற்றிவிடாதீர்கள். டாக்டர் முதலில் எச்சத்தைத்தான் பார்ப்பார்.