பாரிசிலிருந்து ஒரே நாளில் ரெய்ம்ஸ் பேராலயமும் ஷாம்பெய்ன் நிலவறையும்: வழிகாட்டியுடன் போகும் பயணம் தகுமா?

பாரிசில் ஐந்து நாள் தங்கப்போகிறீர்கள், அதில் ஒரு நாளை ரெய்ம்ஸ் நகரத்தைச் சுற்றிக்காட்டி ஷாம்பெய்னும் ருசிக்கவைக்கும் பயணத்துக்கு ஒதுக்கலாமா, மனைவி குடிப்பதில்லை, அவருக்கு அது வீண் நாளாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். மனைவி குடிப்பதில்லை என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள். ஆனால் இணையத்தில் கண்ணில் பட்ட முதல் பயணத்துக்கே பணம் கட்டிவிடவும் வேண்டாம். நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை தனியாக, பாரிசிலிருந்து வேனில் எட்டுப் பேர் குழுவோடு. இரண்டாவது தடவை அம்மாவோடு. அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, மதுவின் வாடையே பிடிக்காது. அந்த இரண்டாவது பயணம்தான் இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

முதல் தடவை என்ன நடந்தது என்றால், மூன்று இடத்தில் ருசி பார்க்கலாம் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள், அதைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன். ருசி பார்த்தது என்னவோ உண்மைதான். ஆனால் பேராலயத்துக்கு முப்பத்தைந்தே நிமிடம் கொடுத்தார்கள். ஓட்டுநரே வழிகாட்டி, அவருக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை, அதனால் எங்களை வாசலில் இறக்கிவிட்டு நீங்களே பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று போய்விட்டார். 1211-இல் கட்டத் தொடங்கிய ஒரு பேராலயத்தை யார் எதற்குக் கட்டினார்கள் என்று சொல்ல ஆளில்லாமல் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது இடத்தில் கொடுத்த கோப்பைக்கும் முதல் கோப்பைக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த நேரத்தில் நாக்குக்குத் தெரியவும் இல்லை.

ஆகவே நான் முதலில் சொல்வது இதுதான்: பேராலயத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம், ஒரே ஒரு பெரிய நிலவறை, முடிந்தால் கிராமத்தில் சொந்தத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சின்னக் குடும்பம். இப்படி அமைந்த பயணமாகப் பார்த்து எடுங்கள். இதற்குமேல் ஒரு நாளில் எதைச் சேர்த்தாலும் பேராலயத்தின் நேரத்தில்தான் கைவைப்பார்கள்.

ரெய்ம்ஸ் என்று நாம் எழுதினாலும் அங்கே ஏறக்குறைய 'ரான்ஸ்' என்று மூக்கால் சொல்கிறார்கள், டிக்கெட் கேட்கும்போது இது உதவும். ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் பிராங்க் மன்னன் குளோவிசுக்கு ஆயர் ரெமி ஞானஸ்நானம் கொடுத்தது இந்த ஊரில். அதை வைத்துத்தான் பிரெஞ்சு மன்னர்கள் முடிசூட இங்கே வந்தார்கள். 1429 ஜூலை 17 அன்று ஏழாம் சார்லஸ் முடிசூடியபோது, ஜோன் ஆஃப் ஆர்க் தன் கொடியோடு பக்கத்தில் நின்றாள். பேராலய வாசலில் குதிரைமேல் அவள் சிலை இருக்கிறது. 1825-இல் பத்தாம் சார்லசோடு அந்த வழக்கம் முடிந்தது.

முகப்பைப் பார்த்து நின்றால் இடது கை வாசலில் தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சிரிக்கும் ஒரு வானதூதர் சிலை இருக்கும். அவசரப்படாமல் அதன் முன் நில்லுங்கள். 1914 செப்டம்பர் 19 அன்று ஜெர்மன் பீரங்கிக் குண்டு விழுந்து, பழுதுபார்க்கக் கட்டியிருந்த மரச்சாரம் தீப்பிடித்தது. உள்ளே காயம்பட்ட ஜெர்மன் வீரர்களையே வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்திருந்தார்கள், அந்த வைக்கோலும் பற்றிக்கொண்டது. கூரையில் இருந்த ஈயம் உருகி, மழைநீர் கொட்டுவதற்காகச் செய்த கல் பூதங்களின் வாய் வழியே ஒழுகியது. வாயில் ஈயம் உறைந்துபோன அந்தக் கற்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்த நெருப்பில்தான் இந்த வானதூதரின் தலை கீழே விழுந்து உடைந்தது. துண்டுகளை ஒரு பாதிரியார் பொறுக்கி எடுத்து வைத்தார், 1926-இல் மறுபடி பொருத்தினார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் முகத்தில் ஒட்டுப்போட்ட கோடு தெரிகிறது. சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மா கழுத்து வலிக்க வலிக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனால் பீடத்துக்குப் பின்னால் ஓவியர் மார்க் ஷகால் வடிவமைத்து 1974-இல் வைத்த நீலக் கண்ணாடிகளை எல்லா வழிகாட்டிகளும் காட்டுவார்கள். அவசியம் பாருங்கள். ஆனால் தெற்குப் பக்கம் ஒரு சன்னல் இருக்கிறது, அதைப் பாதிப் பேர் காட்டுவதில்லை, நீங்களே கேட்டுப் பாருங்கள். 1954-இல் வைத்தது, ஷாம்பெய்ன் தயாரிப்பாளர்கள் கொடுத்தது. திராட்சைக் கொடியைக் கவனிப்பதிலிருந்து மது தயாராவது வரை கண்ணாடியில் வரிசையாக வரைந்திருக்கிறார்கள். வேதக் கதைகளும் புனிதர்களும் இருக்கிற இடத்தில் தோட்டத் தொழிலாளியும் இருக்கிறான். காலையில் அதைப் பார்த்துவிட்டு மதியம் நிலவறைக்குள் இறங்கினால், பேராலயமும் ஷாம்பெய்னும் இந்த ஊரில் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒட்டியது என்பது நன்றாகப் புரியும்.

நிலவறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மனைவிக்கு இதுதான் முக்கியம். ரெய்ம்ஸ் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. ரோமானியர் காலத்தில் கட்டடக் கல்லுக்காகத் தோண்டிய குழிகள் ஊருக்குத் தெற்கே நிறைய உண்டு. மேலே வாய் சின்னதாக இருக்கும், உள்ளே இறங்க இறங்க கூம்பு மாதிரி அகன்றுகொண்டே போகும், சில இடங்களில் முப்பது மீட்டர் ஆழம். அடியில் நின்று மேலே பார்த்தால் கைக்குட்டை அளவு வெளிச்சம் தெரியும். பிற்காலத்தில் ஷாம்பெய்ன் நிறுவனங்கள் இந்தக் குழிகளைச் சுரங்கங்களால் இணைத்துப் பாட்டில் அடுக்கும் இடமாக்கின. வருடம் முழுக்க 10, 12 டிகிரிதான். அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெள்ளையாகிப்போன விரலை என்னிடம் காட்டி, "கோலமாவு மாதிரி ஒட்டுதுடா, ஆனா ஈரமா இருக்கு" என்றார். வழிகாட்டிப் பெண்ணிடம் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த ஈரம்தான் விஷயம் என்றார் அவர். இந்தப் பாறை மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், கோடையில் கொடிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும், கீழே நிலவறையையும் குளிர்ச்சியாக வைத்திருக்கும்.

முதல் உலகப் போர் நடந்த அந்த நான்கு வருடமும் ரெய்ம்ஸ்மேல் குண்டு விழுந்துகொண்டே இருந்தது, ஊரின் பெரும்பகுதி தரைமட்டமானது. மேலே பேராலயம் எரிந்தபோது கீழே இந்த நிலவறைகளில்தான் ஜனங்கள் குடியிருந்தார்கள். பாட்டில் அடுக்குகளுக்கு நடுவே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்தது, பூசையும் நடந்தது. 1914 அறுவடையைக் குண்டுச் சத்தத்துக்கு நடுவிலேதான் பறித்து முடித்தார்கள். அம்மா அன்று ஒரு சொட்டு ஷாம்பெய்ன் குடிக்கவில்லை, ஆனால் ஊருக்கு வந்து எல்லோரிடமும் சொன்னது அந்த நிலத்தடிப் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான்.

அப்புறம் ஷாம்பெய்ன் செய்யும் முறை. முதலில் சாதாரண ஒயினாகத்தான் செய்கிறார்கள், பெரும்பாலும் ஷார்டனே, பினோ நுவார், முனியே என்ற மூன்று திராட்சை வகைகளில். பிறகு சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலில் அடைத்து மூடுகிறார்கள். உள்ளேயே இரண்டாவது முறை நொதித்து வரும் வாயு வெளியே போக வழியில்லாமல் கரைந்து நிற்கிறது, நாம் பார்க்கும் குமிழி அதுதான். ஒரு பாட்டிலுக்குள் ஏறக்குறைய 6 வளிமண்டல அழுத்தம், கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். வேலை முடிந்த ஈஸ்ட் வண்டலாக உள்ளேயே கிடக்குமே, அதை எப்படி எடுப்பது? அங்கேதான் அந்தச் சாய்வுப் பலகை வருகிறது, ஓட்டை ஓட்டையாக, கூடாரம் மாதிரி இரண்டு பலகை சேர்த்து நிறுத்தியது. இருபத்தேழு வயதில் விதவையான பார்ப்-நிகோல் கிளிக்கோ கணவரின் வியாபாரத்தைத் தானே எடுத்து நடத்தினார், 1816 வாக்கில் அவருடைய நிலவறையில்தான் இந்த முறை உருவானது. பாட்டிலைக் கழுத்து கீழாகச் செருகி, நாள்தோறும் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் நிமிர்த்தி, வாரக்கணக்கில் செய்தால் வண்டல் முழுக்கத் தக்கைப் பக்கம் இறங்கிவிடும். கழுத்தை மட்டும் உறைய வைத்துத் திறந்தால் உள்ளே இருக்கும் அழுத்தமே வண்டல் கட்டியை வெளியே தள்ளிவிடும். அப்போது வெளியே போன அளவுக்குச் சர்க்கரை கலந்த ஒயின் ஊற்றிக் கடைசித் தக்கையைப் போடுகிறார்கள். இப்போது பெரும்பாலும் எந்திரம் திருப்புகிறது, ஆனால் எங்கள் வழிகாட்டி இரண்டு கையாலும் இரண்டு பாட்டிலைப் பிடித்து டக் டக்கென்று திருப்பிக் காட்டினார், நெசவுக்காரர் கை மாதிரி ஒரே தாளம்.

டாம் பெரிஞோன் என்ற துறவிதான் ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தார், நட்சத்திரங்களைக் குடிக்கிறேன் என்று கூவினார் என்று சில வழிகாட்டிகள் சொல்வார்கள். அது விளம்பரக்காரர்கள் பிற்பாடு கட்டிவிட்ட கதை. அவர் ஓவிலியே மடத்தில் 1668 முதல் 1715-இல் இறக்கும்வரை நிலவறைப் பொறுப்பில் இருந்தவர், பல தோட்டத்துத் திராட்சைகளைப் பொருத்தம் பார்த்துக் கலப்பதில் கெட்டிக்காரர். குமிழி வந்தால் அந்தக் காலத்தில் அது குறையாகத்தான் கருதப்பட்டது. இந்தக் கதையைக் கதை என்றே சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் மற்றதையும் நம்பிக் கேட்கலாம்.

நீங்கள் ருசி பார்க்கும்போது மெதுவாகப் பாருங்கள். நம் நாக்குக்கு 'புருட்' என்று எழுதியது முதல் வாயில் புளிப்பாகத் தெரியும், அதில் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாகத்தான் சர்க்கரை. 'டெமி செக்' இனிப்பு, 32 கிராமிலிருந்து 50 வரை. 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது புருட்டைவிட இனிப்பு. முழுங்க விருப்பமில்லை என்றால் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மனைவிக்குத் திராட்சைச் சாறு கிடைக்குமா என்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள், சில இடங்களில் கொடுக்கிறார்கள். வாங்குவதாக இருந்தால் லேபிளில் மிகச் சிறிய எழுத்தில் ஆர்.எம். என்று இருந்தால் தன் தோட்டத்துத் திராட்சையில் தானே செய்தவர், என்.எம். என்றால் வெளியிலிருந்தும் திராட்சை வாங்கிச் செய்யும் நிறுவனம். இந்தியாவுக்கு வரும்போது ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லை, அதாவது ஆளுக்கு இரண்டு சாதாரண பாட்டில். துணியில் நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

வேனில் போகாமலும் பார்க்கலாம். நாங்கள் அக்கா வீட்டில் தங்கியிருந்தோம், பாரிசின் லா சப்பேல் பகுதியில் இருக்கும் தமிழ்க் கடைகளிலிருந்து கிழக்கு ரயில் நிலையம் (கார் தெ லெஸ்த்) நடக்கும் தூரம். அங்கிருந்து வேக ரயிலில் ரெய்ம்ஸ் முக்கால் மணி நேரம். ஏறும் ரயில் ஊருக்குள் இருக்கும் நிலையத்துக்குப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஊருக்கு வெளியே ஷாம்பாஞ்-ஆர்தென் என்று இன்னொரு நிலையம் இருக்கிறது, அங்கே இறங்கினால் டிராம் பிடித்து வர வேண்டும். ரயிலில் போய், பேராலயத்துக்கு ஒரு வழிகாட்டி, மதியம் நிலவறைக்கு அவர்களுடைய வழிகாட்டி என்று தனித்தனியாகப் பதிவு செய்தோம். அம்மாவுக்கு இது வசதியாக இருந்தது, களைத்தால் உட்காரலாம். கிராமத்துத் தோட்டத்துக்கும் போக வேண்டும் என்றால் மட்டும் வேன் பயணம் நல்லது, அங்கே பஸ்ஸை நம்பிப் போக முடியாது.

ஜூலையாக இருந்தாலும் ஸ்வெட்டர் எடுங்கள். முழங்கால் வலி இருந்தால் எத்தனை படி என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள், பொம்மெரி என்ற ஷாம்பெய்ன் நிறுவனத்தின் நிலவறைக்கு 116 படி. மதியச் சாப்பாட்டை இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், பல இடங்களில் அதற்குப் பிறகு அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். ஞாயிறு காலை பூசை நேரம், பேராலயத்துக்குள் சுற்றிப் பார்க்க முடியாது. ரெய்ம்ஸின் ரோஸ் நிற பிஸ்கட் பிரபலம், ஷாம்பெய்னில் நனைத்துத் தின்கிறார்கள், அதில் முட்டை உண்டு. முட்டை சாப்பிடுவார் என்றால் மனைவிக்குக் காபியோடு வாங்கிக் கொடுங்கள்.

மாலை ரயிலுக்கு முன் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தால், நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு பழைய பள்ளிக்கூடம் இருக்கிறது, திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். 1945 மே 7 விடியற்காலை ஜெர்மன் தளபதி யோட்ல் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது அங்கே. போர் வரைபடங்கள் ஒட்டிய சுவர், நீளமான மேசை, நாற்காலிகள், எல்லாம் அந்த அறையில் அன்றைக்கு இருந்ததுபோலவே இருக்கின்றன.