குதிரை மேல் இருப்பவர் யார்?

(பழைய நோட்டு, நாணயம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, வங்கிக் காசாளராக இருந்து ஓய்வுபெற்ற சேலம் சேகரிப்பாளர் ஒருவர் பதில் தருகிறார்.)

கப்பலில் வேலை பார்த்த எங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் சிவப்பு நிற 100 நோட்டு ஒன்று கிடைத்தது. குதிரை மேல் ஒரு வீரன். எழுத்து பாதி ஆங்கிலம் போல, பாதி ரஷ்யன் போல. 1981 என்று இருக்கிறது. ரஷ்யா நோட்டு என்கிறான் என் மகன். சரிதானா?
– வாசகி, ஏற்காடு

ரஷ்யா இல்லை, அம்மா. யூகோஸ்லாவியா, ஐரோப்பாவில் முன்பு இருந்த நாடு. மகனைக் குறை சொல்ல முடியாது. கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் என்னிடம் வந்து காட்டியவர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரஷ்யன் மாதிரி இருக்கும் அந்த வரியில் நாட்டின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். ஆங்கில 'ஜே' மாதிரி ஒன்று இருக்கும். ரஷ்ய அகரவரிசையில் அந்த எழுத்தே கிடையாது. செர்பியரும் மாசிடோனியரும் எழுதும் சிரிலிக்கில் (ரஷ்யனும் எழுதப்படும் லிபிக் குடும்பம்) உண்டு. அடுத்து பின்பக்கம் திருப்புங்கள். 100 தினார் என்பதையே நான்கு விதமாக அச்சிட்டிருப்பார்கள்: செர்போ-குரோஷிய மொழியில் ஆங்கில எழுத்து, சிரிலிக் என்று இரண்டு லிபியிலும், பிறகு ஸ்லோவேனியத்தில், மாசிடோனியத்தில். ஒரு நூறு தினார்த் தாளில் இத்தனை மொழியா என்று நாம் ஆச்சரியப்படத் தேவையில்லை, நம் நோட்டைத் திருப்பிப் பார்த்தாலே போதும்!

தேதியும் உதவும். 4, அடுத்து ரோமன் எண்ணில் பதினொன்று, அடுத்து 1981. மாதத்தை ரோமன் எண்ணில் போடுவது அவர்கள் வழக்கம். இதே குதிரைப் படத்தோடு 1965, 1978, 1986 தேதியிட்ட நோட்டுகளும் வந்தன. அதனால் 'குதிரை நோட்டு' என்று மட்டும் சொல்லி விலை கேட்காதீர்கள், தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னும் பழைய யூகோஸ்லாவிய நோட்டோ நாணயமோ கிடைத்து, அதில் அரசுச் சின்னம் இருந்தால் தீப்பந்தங்களை எண்ணுங்கள். ஐந்து என்றால் 1963க்கு முந்தைய வடிவம், ஆறு என்றால் பிந்தையது.

அப்புறம், குதிரை மேல் இருப்பது வீரன் இல்லை, ஒரு பெண். ஒரு கையில் ஆலிவ் கிளை, இன்னொரு கையில் உலக உருண்டை. ஆண்டுன் அவுகுஸ்டின்சிச் செய்த 'அமைதி' என்ற சிலை அது. யூகோஸ்லாவியா ஐ.நா. சபைக்குப் பரிசாகக் கொடுத்தது. நியூயார்க்கில் ஐ.நா. வளாகத்தில் இன்றும் நிற்கிறது. நாடுதான் இல்லாமல் போய்விட்டது.

இந்த நோட்டு ஏராளமாக அச்சானது, பெரிய விலை போகாது. தாத்தா கொண்டுவந்தது என்பதற்காக வைத்துக்கொள்ளுங்கள்.

500க்குப் பின்னால் ஒன்பது பூஜ்யம் போட்ட யூகோஸ்லாவியா நோட்டு என்னிடம் உள்ளது. போனில் பேசிய ஒருவர் பல லட்சத்துக்கு விற்றுத் தருவதாகவும், அதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், அம்மாப்பேட்டை

ஒரு பைசா கட்டாதீர்கள், தம்பி. பழைய நோட்டு, நாணயம் விற்றுத் தருவதாகத் தங்கள் பெயரைச் சொல்லிக் கமிஷனும் வரியும் கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது. வாங்குகிறவன் பணம் கொடுப்பான், கேட்க மாட்டான்.

உங்கள் கையில் இருப்பது 1993ஆம் ஆண்டின் 50,000 கோடி தினார். முன்பக்கத்தில் இருக்கும் தாடிக்காரர் யோவான் யோவானோவிச் ஸ்மாய். குழந்தைகளுக்குப் பாட்டு எழுதிய கவிஞர், தொழிலால் மருத்துவர். அவருக்கு வந்த கதியைப் பாருங்கள்! நாடு உடைந்ததில் வந்த போர், 1992 மே மாதம் விழுந்த ஐ.நா. பொருளாதாரத் தடை, வருமானம் இல்லாத அரசு. செலவுக்கு நோட்டு அடித்தார்கள், அடித்துக்கொண்டே இருந்தார்கள். 1993 அக்டோபர் 1 அன்று ஆறு பூஜ்யத்தை வெட்டினார்கள். மூன்றே மாதத்தில், 1994 ஜனவரி 1 அன்று, இன்னும் ஒன்பதை வெட்டினார்கள். அன்றைக்கு உங்கள் நோட்டு வெறும் 500 தினார் ஆயிற்று. அந்த ஜனவரியில் மட்டும் விலைவாசி ஏற்றம் 31 கோடி சதவீதத்துக்கும் மேல். காலையில் வாங்கிய சம்பளத்துக்குச் சாயங்காலம் மதிப்பில்லை. ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் அன்றைய பணமான மார்க்கோடு சமமாகக் கட்டிய புது தினார் வந்த பிறகுதான் நிலைமை அடங்கியது. அதன் பின்னால் இருந்தவர் திராகொஸ்லாவ் அவ்ராமோவிச் என்ற பொருளாதார அறிஞர்.

பூஜ்யம் கூடக்கூட விலை கூடும் என்பது சேகரிப்பில் பெரிய பொய். எண்ணிக்கையும் நிலைமையும்தான் விலையைத் தீர்மானிக்கும். இருந்தாலும் அந்த வரிசையில் எல்லோரும் தேடுவது இந்த நோட்டைத்தான். மடிப்பு விழாமல், முனை மழுங்காமல் இருந்தால் நல்ல விலைக்கே போகும். லட்சத்துக்கு இல்லை.

சேலம் உருக்காலையில் வேலை பார்க்கிறேன். 10 தினார் நோட்டு ஒன்றில் சிரித்த முகத்தோடு ஒரு தொழிலாளி இருக்கிறார். உண்மையான ஆளா?
– வாசகர், சேலம்

உண்மையான ஆள்தான், அதுவும் உங்கள் தொழில்காரர். ஆரிஃப் ஹெராலிச், அன்றைய யூகோஸ்லாவியாவின் பொஸ்னியாவில் ஜெனிட்சா உருக்காலைத் தொழிலாளி. முதலில் 1955இன் 1000 தினாரில் வந்தார். இரண்டு பூஜ்யம் வெட்டியபோது அதே முகம் 10 தினாருக்கு மாறியது. நாடு முழுக்க எல்லார் சட்டைப்பையிலும் இருந்த மனிதர் வறுமையில்தான் செத்தார். மன்னர், தலைவர் படம் போட்ட நோட்டு என்னிடம் கட்டுக்கட்டாக இருக்கிறது. எனக்குப் பிடித்தது இந்த ஒன்றுதான்.

ஏற்காட்டில் பனியும் ஈரமுமாக இருக்கிறது. நோட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. துணி மாதிரி துவைத்து இஸ்திரி போடலாமா?
– எஸ்டேட் ஊழியர், ஏற்காடு

இரண்டும் வேண்டாம். தண்ணீர் பட்டால் தாளின் விறைப்பு போய்விடும். இஸ்திரி போட்டால் மடிப்பு போகும், கூடவே அச்சின் மேடும் தட்டையாகும். விரலால் தடவிப் பார்க்கிற எவனும் கண்டுபிடித்துவிடுவான். வெயில் நேரடியாகப் படாத, காற்றோட்டமான இடத்தில் நன்றாக உலர்த்துங்கள். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். கறை மிச்சம் இருந்தால் இருக்கட்டும்.

லேமினேஷன் பக்கமே போகாதீர்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. உறையும் நாளடைவில் பிசுபிசுத்து நோட்டில் ஒட்டும். பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். புதுச் செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பெட்டிக்குள் போட்டு, நனைந்துபோனதை அவ்வப்போது மாற்றுங்கள். ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடுவதானால் நோட்டில் படாமல் தள்ளியே இருக்கட்டும்.

2016இல் செல்லாமல் போன 500, 1000 ரூபாய் நோட்டுகளைச் சேகரிப்புக்கு வைத்திருக்கலாமா?
– மாணவர், செவ்வாய்ப்பேட்டை

பத்து நோட்டு வரை யாரும் வைத்திருக்கலாம். ஆய்வுக்கோ நாணயவியல் சேகரிப்புக்கோ என்றால் 25 வரை. 2017இல் வந்த சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதற்கு மேல் இருந்தால் அபராதம் உண்டு.