இருமலும் மாவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆங்கிலப் பாடத்தில், கெட்டியானதைக் குறிக்கும் 'டஃப்' என்ற சொல்லைச் சரியாக வாசித்தாள். இரண்டு வரி தள்ளி, பிசைந்த மாவுக்கான 'டோ' வந்தது. அதையும் 'டஃப்' என்றாள். திருத்தினேன். "கடைசியில அதே ஓ, யு, ஜி, எச் தானேப்பா?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. இதற்கு விதி ஏதும் உண்டா? தமிழில் இந்தத் தொல்லை இல்லையே?

ஒரு வாசகர், நாமக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் கையில் கிடைத்த விதியை ஒழுங்காகத்தான் பயன்படுத்தியிருக்கிறாள். ஆங்கிலம் காலை வாரிவிட்டது. அந்த நாலெழுத்து இருமலைக் குறிக்கும் 'காஃப்'பில் ஒரு மாதிரி, 'ஊடாக' என்னும் 'த்ரூ'வில் வேறு மாதிரி, மரக்கிளையான 'பௌ'வில் இன்னொரு மாதிரி.

அந்த ஜி-எச் ஒருகாலத்தில் ஊமையாக இருக்கவில்லை. தொண்டையைச் செருமினால் வருமே, அப்படி ஓர் ஒலி. ஜெர்மன்காரர்களிடம் இன்னும் இருக்கிறது. அவர்களுக்கு இரவு 'நாஹ்ட்', ஆங்கிலத்தில் 'நைட்'. மகள் அங்கே 'டோஹ்டர்', இங்கே 'டாட்டர்'. ஆங்கிலேயர் வாயிலிருந்து அந்தச் செருமல் மெல்ல நழுவியது. சில சொற்களில் சுவடில்லாமல் மறைந்தது; சிலவற்றில் உதட்டுக்கு வந்து 'ஃப்' ஆனது. உயிரொலிகளும் அந்த நூற்றாண்டுகளில்தான் இடம்மாறிக்கொண்டிருந்தன. 1476-ல் இங்கிலாந்தின் முதல் அச்சகரான காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு எழுத்தைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது, பேச்சு அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்கர்கள் உழும் ஏரைக் குறிக்கும் 'ப்ளௌ'வின் எழுத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். இருமலில் கைவைக்க அவர்களுக்கும் துணிச்சல் வரவில்லை.

ஒரே ஒரு விதி உருப்படியாக வேலை செய்யும். அந்த நாலெழுத்தை அடுத்து 'தேநீர் டீ' வந்தால் 'ஆட்' என்று முடியும். 'பாட்' வாங்கினான், 'ப்ராட்' கொண்டுவந்தான், 'தாட்' நினைத்தான், 'ஃபாட்' சண்டையிட்டான். பாதிக்கு மேல் இறந்தகால வினைகள். விலக்கு, வறட்சியைக் குறிக்கும் 'ட்ரௌட்'. நான் ஒரு கூட்டத்தில் 'ட்ராட்', 'ட்ராட்' என்று பத்து நிமிடம் முழங்கியிருக்கிறேன். ஒருவரும் திருத்தவில்லை. அவர்களும் என் கட்சிதானோ என்னவோ.

தமிழில் தொல்லை இல்லை என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடாதீர்கள். 'கடல்', 'அகம்', 'தங்கம்' மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள். ஒரே 'க', மூன்று ஒலி. ஆனால் சொல்லில் அது நிற்கும் இடமே ஒலியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. யாரும் சொல்லித்தராமலே உங்கள் மகளுக்கு அது தெரியும். ஆங்கிலத்தில் அந்தத் துப்பு கிடைக்காது. சொல்லையும் பொருளையும் சேர்த்தே பழக வேண்டியதுதான்.

இன்று சப்பாத்திக்கு மாவு பிசையும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து 'டோ'வைச் சொல்லிக்கொடுங்கள். தண்ணீர் குறைந்து மாவு கெட்டியாகிவிட்டால் 'டஃப்'பையும் அங்கேயே முடித்துவிடலாம்.