36 எங்கே போனது? இரு சதுர மனைக் கணக்கு

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். "இரண்டு சதுர மனைகள். பெரியதன் பக்கம் சிறியதைவிட 6 மீட்டர் அதிகம். பரப்பளவில் 204 சதுர மீட்டர் வித்தியாசம். பக்கங்களைக் காண்க" என்று ஒரு கணக்கு. பக்கத்தில் வித்தியாசம் 6 என்றால் பரப்பில் வித்தியாசம் 36தானே, 204 எப்படி வந்தது என்கிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவள் கேட்டது நல்ல கேள்வி. அதை ஒதுக்கிவிட்டு விடையை மட்டும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். வித்தியாசத்தின் வர்க்கம் வேறு, வர்க்கங்களின் வித்தியாசம் வேறு. முதலில் 5, 3 என்று சின்ன எண்களில் காட்டுங்கள். கழித்துவிட்டு வர்க்கம் எடுத்தால் 4. வர்க்கம் எடுத்துவிட்டுக் கழித்தால் 25 − 9 = 16.

அப்புறம் கத்தரிக்கோலை அவள் கையில் கொடுங்கள். ஒரு சதுரக் காகிதம். அதுதான் பெரிய மனை. அதன் ஒரு மூலையிலிருந்து சின்ன மனையை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். மிச்சம் 'ட' போல வளைந்த ஒரு துண்டு. அந்த 204 இதுதான். வளைகிற இடத்தில் நேராக வெட்டினால் இரண்டு பட்டைகள் கிடைக்கும். இரண்டுக்கும் அகலம் 6. ஒன்றின் நீளம் பெரிய பக்கம், மற்றதன் நீளம் சின்னப் பக்கம். இரண்டையும் நுனியோடு நுனி சேர்த்து வைத்தால் ஒரே நீண்ட செவ்வகம். பெரிய பக்கத்தைப் பெ, சின்னதைச் சி என்று எழுதினால்,

பெ² − சி² = (பெ + சி) × (பெ − சி)

பாடப்புத்தகத்து முற்றொருமை இப்போது மேசைமேல் கிடக்கிறது. பரப்பு 204, அகலம் 6, நீளம் என்ன என்று கேளுங்கள். 34 என்று அவளே சொல்வாள். இரண்டு பக்கங்களின் கூட்டல் 34, வித்தியாசம் 6. இரண்டையும் கூட்டினால் 40. அது பெரிய பக்கத்தைப்போல் இரு மடங்கு. ஆகவே 20 மீட்டர், 14 மீட்டர். சரிபார்க்க: 400 − 196 = 204.

சரி, அவளுடைய 36 எங்கே? அதுவும் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. வளைவின் வெளி மூலையில் 6க்கு 6 என்று ஒரு குட்டிச் சதுரம் உண்டு. அதன் இரு புறமும் 14க்கு 6 என்று இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றும் 84. 84 + 84 + 36 = 204. மூலையை மட்டும் எண்ணிவிட்டு இரண்டு கைகளையும் விட்டுவிட்டாள், அவ்வளவுதான். இதை அவசியம் அவளுக்குக் காட்டுங்கள்.

சில கணக்குகளில் பக்க வித்தியாசமே தரமாட்டார்கள். "இரு முழு எண்களின் வர்க்க வித்தியாசம் 60" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அப்போது 60ஐ இரண்டு காரணிகளின் பெருக்கலாக எழுத வேண்டும். கூட்டலும் வித்தியாசமும் இரண்டும் இரட்டையாகவோ இரண்டும் ஒற்றையாகவோதான் இருக்க முடியும் என்பதால் 5 × 12, 4 × 15 போன்றவை உதவாது. 2 × 30 கொடுப்பது 16, 14. 6 × 10 கொடுப்பது 8, 2. இரண்டு விடைகளையும் எழுத வேண்டும்.

அவளுக்கு இது பிடித்துப்போனால் இன்னும் ஒன்று. பிரான்சின் கணித மேதை பெர்மா, 1643 வாக்கில், 2027651281 என்ற எண்ணை இதே வழியில் 44021 × 46061 என்று பிரித்தார். அவர் கண்ட இரண்டு வர்க்கங்கள் எவை என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 34, 6 இரண்டிலிருந்து 20, 14 வந்த அதே வழிதான்.