ஜமாபந்தி மேசை: புரட்சிக் காலத்துக் கேள்விகள்

(காங்கேயம் வட்டாரத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் அளிக்கும் பகுதி. பிரெஞ்சுப் புரட்சி, மைசூர்ப் போர்கள், கும்பினி (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சி பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை இடம்.)

கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்: பிரெஞ்சுப் புரட்சி ஒரு பாடம், திப்பு சுல்தான் இன்னொரு பாடம் என்று படித்துவிட்டோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு அம்மணி. காலியான கஜானாதான் தொடர்பு.

கும்பினிக்கு எதிராகப் படை உதவி கேட்டுத் திப்பு மூன்று தூதர்களைப் பிரான்சுக்கு அனுப்பினார். 1788 ஆகஸ்ட் 10 அன்று பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி அவர்களை வெர்சாய் அரண்மனையில் வரவேற்றார். அதற்கு இரண்டு நாள் முன்புதான், செலவுக்கு வழி தெரியாமல், ஸ்டேட்ஸ் ஜெனரல் என்ற பேரவையை மறு ஆண்டு மே மாதம் கூட்டுவதாக அவருடைய அரசாங்கம் அறிவித்திருந்தது. தூதர்கள் பாரிசில் இருக்கும்போதே கடன்காரர்களுக்குப் பணமாகத் தருவதைப் பாதி நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவின் விடுதலைப் போருக்குக் கொடுத்த கை அப்படிச் சுட்டிருந்தது. படை கேட்டுப் போனவர்கள் பீங்கான் பாத்திரங்களைப் பரிசாக வாங்கிக்கொண்டு கப்பலேறினார்கள்.

பேரவை கூடியது, பாஸ்டில் சிறை விழுந்தது. அதே 1789 டிசம்பரில் திப்பு திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கினார். கும்பினி அதைச் சாக்காக்கிப் போரைத் தொடங்கியது. 1790 ஜூலையில் ஜெனரல் மெடோஸ் கோவையைப் பிடித்தார். செப்டம்பரில் உங்கள் பக்கத்துச் சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் படையும் திப்புவின் படையும் மோதின. பிரெஞ்சுக்காரர்கள் அசையவே இல்லை. அடுத்து நேரில் களமிறங்கிய கவர்னர் ஜெனரல் யார் தெரியுமா? 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த அதே காரன்வாலிஸ். அமெரிக்காவில் தோற்ற மனிதரை இங்கே ஜெயிக்க வைத்ததில் பாரிஸ் நகரத்து ரொட்டி விலைக்கும் பங்கு உண்டு என்பேன்.

வங்கி ஊழியர், ஈரோடு: நெப்போலியன் திப்புவுக்குக் கடிதம் எழுதியது உண்மையா? அந்தப் படை வந்திருந்தால் நாம் இன்று பிரெஞ்சு பேசிக்கொண்டிருப்போமா?

கடிதம் உண்மை. 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து எழுதினார். வெல்ல முடியாத பெரும்படையோடு செங்கடல் கரைக்கு வந்துவிட்டேன், உங்களை இங்கிலாந்தின் இரும்பு நுகத்திலிருந்து விடுவிக்க விரும்புகிறேன், நம்பிக்கையான ஆளைச் சூயஸுக்கு அனுப்புங்கள் என்று அதில் இருந்தது. ஜெட்டாவில் ஆங்கிலேயர் கையில் சிக்கியதால் திப்புவுக்கு அது கிடைக்கவே இல்லை.

வெல்ல முடியாத படை என்பதை நம்பாதீர்கள். 1798 ஆகஸ்டில் எகிப்தின் அபூகிர் விரிகுடாவில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் அவருடைய கப்பற்படையை ஏற்கெனவே அழித்திருந்தார். எகிப்திலிருந்து ஊர் திரும்பவே வழியில்லாதவர் நமக்கு நுகத்தடி கழற்ற எப்படி வருவார்?

இதைவிடக் கொடுமை மொரீஷியசில் நடந்தது. திப்பு ரகசியமாக உதவி கேட்டு ஆள் அனுப்ப, அங்கிருந்த பிரெஞ்சு கவர்னர் மலார்ட்டிக் 1798 ஜனவரியில் அதைப் பகிரங்க அறிவிப்பாகவே ஒட்டிவிட்டார். மங்களூரில் வந்து இறங்கியவர்கள் நூறு பேருக்கும் குறைவு. போர் தொடங்க, கல்கத்தாவில் இருந்த கவர்னர் ஜெனரல் ரிச்சர்டு வெல்லெஸ்லிக்கு அந்த அறிவிப்பின் நகல் ஒன்றே போதுமானதாக இருந்தது. 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார், கொங்கு நாட்டின் மேற்குப் பாதி கும்பினி வசமானது. உதவி செய்ய வக்கில்லாத நண்பன் வாயையாவது மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

பெயர் வேண்டாம், திருப்பூர்: ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 'சுதந்திர மரம்' நட்டு, 'குடிமகன் திப்பு' என்று முழங்கினார்களாமே?

அரண்மனையில் கிடைத்ததாகக் கும்பினி வெளியிட்ட காகிதங்களில் அப்படி இருக்கிறது. சண்டைக்குக் காரணம் தேடியவர்கள் வெளியிட்ட காகிதம் என்பதால் சில வரலாற்று ஆசிரியர்கள் நம்ப மறுக்கிறார்கள். நானும் அந்தக் கட்சி. மன்னர்கள் ஒழிக என்ற மரத்துக்கு ஒரு மன்னரே தண்ணீர் ஊற்றினார் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆட்டோ ஓட்டுநர், கோவை உக்கடம்: தினமும் கோட்டைமேடு வழியாகப் போகிறேன். கோட்டையைத்தான் காணோம்.

எத்தனை முறை கை மாறியது என்று பார்த்தால் அது இருந்ததே ஆச்சரியம் என்பீர்கள். 1768-ல் கும்பினி பிடித்தது, திப்புவின் தந்தை ஹைதர் மீட்டார். 1783-ல் கர்னல் ஃபுல்லர்ட்டன் தாராபுரம், பாலக்காடு, கோவை என்று வரிசையாகப் பிடித்தார். மறு ஆண்டு மங்களூர் உடன்படிக்கையில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்கள். 1790-ல் மெடோஸ். 1791-ல் லெப்டினன்ட் சால்மர்ஸ் என்ற இளம் அதிகாரி கொஞ்சம் ஆட்களை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கி, நவம்பரில் திப்புவின் தளபதி கமருதீன் கானிடம் சரணடைந்தார். பாலக்காட்டுக்குப் போக விடுவதாகச் சொன்ன வாக்கை மீறி அவரைச் சிறையாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். 1799-ல்தான் பட்டா நிரந்தரமாக மாறியது.

கோட்டைகளை விடுங்கள், வீடுகளைப் பாருங்கள். 1800-ல் இந்தப் பக்கம் பயணம் செய்த கும்பினி மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் ஈரோட்டைப் பற்றி எழுதிய கணக்கு என் மனதை விட்டுப் போகாது. ஹைதர் காலத்தில் 3,000 வீடுகள். திப்பு ஆட்சியில் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. மெடோஸ் படையெடுப்பின்போது மொத்தமும் அழிந்தது. புக்கானன் வந்தபோது திரும்ப எழும்பியிருந்தவை சுமார் 400. அந்த 3,000 வீட்டுக்காரர்களும் எந்த ஊர் எல்லையில் போய்க் கஞ்சி காய்ச்சினார்கள் என்று எந்தத் தளபதியும் எழுதி வைக்கவில்லை.

ஆசிரியை, சென்னிமலை: வரிப்பணத்தைப் பறித்து, 'சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்ததாகச் சொல்' என்று தீரன் சின்னமலை சொன்னது கதையா, நிஜமா?

எழுதி வைத்த சாட்சி கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் கொங்கு நாட்டு வரிப்பணம் காவிரி தாண்டி மைசூருக்குப் போவது இங்கே எத்தனை பேருக்குக் கசந்தது என்பதற்கு அந்தக் கதையே சாட்சி. அதே சின்னமலை (இயற்பெயர் தீர்த்தகிரிக் கவுண்டர்) பின்னர் திப்புவோடு சேர்ந்து கும்பினியை எதிர்த்தார். ஊர்ப்பணம் வெளியே போகக் கூடாது என்பதுதான் அவருக்கு முக்கியம், வாங்குகிறவர் யாராக இருந்தாலும்.

திப்பு போன பிறகும் அவர் அடங்கவில்லை. மைசூர்ப் பக்கத்துக் கலகத் தலைவர் தூந்தாஜி வாக், விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் போன்றவர்களோடு கூட்டுச் சேர்ந்து 1800 ஜூனில் கோவைப் படை முகாமைத் தாக்கத் திட்டமிட்டார்கள். துணைப்படைகள் நேரத்துக்கு வந்து சேரவில்லை, முயற்சி தோற்றது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கும்பினி தூக்கிலிட்டது. பிறகு ஓடாநிலை, அறச்சலூர் என்று மோதல்கள் தொடர்ந்தன. 1805 ஜூலை 31-ல் சங்ககிரிக் கோட்டையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஆடிப்பெருக்கன்று நாம் மாலை போடுவது அதற்காகத்தான்.

அவருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் பயிற்சி கொடுத்தார்கள் என்பதையும் செவிவழியாகச் சொல்கிறோம். சரி, இருக்கட்டும். அதற்காக மேடையில் அவரைப் பாரிஸ் புரட்சிக்காரராக்கிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அவர் பாளையக்காரர், தன் மண்ணுக்காகச் சண்டை போட்டவர். அந்தப் பெருமை போதாதா?

கைத்தறி நெசவாளர், பவானி: கூடுதுறைக் கோயிலுக்குத் தந்தக் கட்டில் கொடுத்த வெள்ளைக்காரர் யார்?

கோவை கலெக்டர் வில்லியம் கேரோ, 1804-ல் கொடுத்தது. வேதநாயகி அம்மன் சிறுமியாக வந்து எழுப்ப, அவர் வெளியே வந்ததும் தங்கியிருந்த கட்டடம் இடிந்து விழுந்தது என்று தலபுராணம்போலவே சொல்வார்கள். நான் அதில் வாதம் செய்வதில்லை. ஆனால் உங்கள் ஊரைப் பற்றி இன்னொன்று தெரிந்துகொள்ளுங்கள். காரன்வாலிஸோடு நடந்த போரை முடித்த 1792 உடன்படிக்கையில் திப்பு பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும், ஈடாகத் தம் இரண்டு சிறு மகன்களையும் கொடுத்தார். சேலம் பக்கம் கும்பினிக்குப் போனது, கோவை பக்கம் மைசூரிலேயே நின்றது. ஏழு ஆண்டுகள் கிட்டத்தட்ட காவிரியே எல்லை. இக்கரையில் பவானியில் நூல் விற்றால் சுல்தான் ஆட்சி, அக்கரைக்குப் பரிசல் ஏறினால் கும்பினி ஆட்சி.

விவசாயி, தாராபுரம்: ராஜாக்கள் சண்டையில் குடியானவனுக்கு என்ன மிஞ்சியது?

ரசீது மிஞ்சியது. கிண்டலாகச் சொல்லவில்லை.

1792-ல் கைக்கு வந்த பாராமகாலுக்கும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம்) சேலத்துக்கும் காரன்வாலிஸ் சிவில் அதிகாரிகளை அனுப்பாமல், கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்ற ராணுவக்காரரை அனுப்பினார். அவருக்கு உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. வயல் வயலாக அளந்து, மண்ணின் தரம் பார்த்து, உழுகிறவனிடமே நேரடியாக வரி பேசினார்கள். ரயத்துவாரி முறை அங்கே முளைத்தது. நடுவில் சேலம் பக்கத்தை மிட்டாக்களாக (ஜமீன் போன்ற வரிவசூல் பகுதிகளாக) பிரித்து ஏலம் விட்டுப் பார்த்தார்கள், பல மிட்டாதாரர்கள் பணம் கட்ட முடியாமல் கவிழ்ந்தார்கள். 1820-ல் மன்றோ சென்னை கவர்னரான பிறகு ரயத்துவாரி ஊன்றி நின்றது.

இப்போது பிரான்சைப் பாருங்கள். 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்களின் உரிமைகளை ஒழித்ததாகப் பேரவை அறிவித்தது. 1807-ல் நெப்போலியன் துண்டு துண்டாக நிலத்தை அளந்து, உடையவன் பெயரையும் வரியையும் பதிவு செய்யச் சட்டம் போட்டார். அங்கே பிரபு, இங்கே பாளையக்காரர். நடுவில் நின்றவரை விலக்கிவிட்டு அரசாங்கம் நேராக வயல் வரப்பில் வந்து நின்றது. அங்கே குடியானவன் கலகம் செய்து கேட்டான், இங்கே யாரும் அவனைக் கேட்கவில்லை. அந்த வித்தியாசம் சின்னதல்ல. மழை பொய்த்தாலும் வரி பணமாகவே வேண்டும் என்றபோது இங்கே அவனுக்கு மிஞ்சியது செட்டியார் கடைக் கடன்.

நான் வேலையில் இருந்த காலத்தில், ஒரு மேலதிகாரி ஜமாபந்தி (கிராம வருவாய்க் கணக்கின் ஆண்டுத் தணிக்கை) அன்று அடங்கலை (வயல்வாரிப் பயிர்ப் பதிவேட்டை) கையில் வாங்கி, "இந்த எழவெல்லாம் யார் கண்டுபிடித்தது?" என்று எரிந்து விழுந்தார். மனதுக்குள் ரீடு துரைக்கு ஒரு சலாம் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை, ஓய்வூதியம் முக்கியம்.

மாட்டு வியாபாரி, கன்னபுரம்: நெப்போலியன், வெலிங்டன், யார் கெட்டிக்காரர்?

உங்களுக்குப் பிடித்த பதிலே சொல்கிறேன். மாட்டைப் புரிந்துகொண்டவர் ஜெயித்தார். 1791 மே மாதம் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசல் வரை போயும், இழுவை மாடுகள் செத்துப்போனதால் பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துவிட்டுத் திரும்பினார். அந்தப் பாடத்தை ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்கால வெலிங்டன், நன்றாகப் படித்தார். மைசூர் அரசின் அமிர்தமகால் மாடுகளை அவர் கடைசிவரை புகழ்ந்தார். நெப்போலியன் 1812-ல் ரஷ்யாவுக்குக் கொண்டுபோன குதிரைகள் தீவனமில்லாமல் விழுந்தன. காங்கேயம் காளை இவர்களில் யார் கண்ணிலாவது பட்டதா என்று கேட்காதீர்கள், பிறகு நான் நடுநிலையாக எழுத மாட்டேன்.

பின்னலாடை நிறுவனக் கணக்காளர், அவிநாசி: வருமான வரி கட்டும்போது யாரைத் திட்ட வேண்டும்?

நெப்போலியனோடு சண்டை போடக் காசில்லாமல், 1799-ல் இங்கிலாந்தில் வருமான வரி கொண்டுவந்த பிரதமர் வில்லியம் பிட் இளையவரை. ஆண்டு வருமானம் 200 பவுனுக்கு மேல் என்றால் பத்தில் ஒரு பங்கு. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர் முடிந்து மறு ஆண்டே அங்கே அதை ஒழித்தார்கள், பின்னர் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்தியாவுக்கு அது 1860-ல் வந்தது, அதற்கு அப்போது இங்கே நிதிப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் வில்சனைத் திட்டுங்கள். இருவரையும் சேர்த்துத் திட்டினாலும் அபராதம் இல்லை. கடைசித் தேதியைத் தவறவிட்டால்தான் உண்டு.