கனடா விண்ணப்பத்தில் காமன்-லா: வந்த கேள்விகளும் என் பதில்களும்

கனடா குடிவரவு விண்ணப்பத்தில் 'திருமண நிலை' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, எனக்கு வரும் கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான். அதிலும் காமன்-லா, அதாவது கல்யாணம் செய்யாமல் ஜோடியாகச் சேர்ந்து வாழ்வது பற்றி. பலருக்கும் பொதுவானவற்றை எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெயர்களை நீக்கி ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

பிராம்ப்டனிலிருந்து: அண்ணா, நானும் என் காதலியும் ஒன்றரை வருஷமாக ஒரே பேஸ்மென்டில் இருக்கிறோம். கல்யாணம் ஆகவில்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (பாயின்ட் பார்த்து நிரந்தர வதிவுரிமைக்கு, அதாவது பிஆருக்கு, ஆள் எடுக்கும் முறை) 'சிங்கிள்' என்று போட்டால் பாயின்ட் கூடுகிறது. போடலாமா?

போடக் கூடாது. கணவன் மனைவி போன்ற உறவில் தொடர்ந்து ஒரு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால் குடிவரவுச் சட்டப்படி நீங்கள் காமன்-லா துணைவர்கள். எங்கேயும் போய்ப் பதிய வேண்டியதில்லை, கையெழுத்தும் போட வேண்டியதில்லை. அந்த ஒரு வருஷம் முடிந்ததும் நிலை தானாக மாறிவிடுகிறது. எந்தக் கட்டம் லாபம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிற விஷயம் இல்லை இது.

பாயின்ட் கணக்கையும் ஒருமுறை சரியாகப் போட்டுப் பாருங்கள். வயது, படிப்பு, மொழி, கனடா அனுபவம் ஆகியவற்றுக்குத் தனி ஆளுக்கு அதிகபட்சம் 500, துணை இருந்தால் 460. மீதி 40 துணையின் படிப்பு, மொழி, கனடா வேலை அனுபவத்திலிருந்து வரும். அவர் மொழித் தேர்வு எழுதினாலே இழப்பில் கொஞ்சம் திரும்பிவிடும். துணையைக் காட்டிவிட்டு 'உடன் வரவில்லை' என்று குறித்தால் தனி ஆள் கணக்குதான் போடுவார்கள். ஆனால் அவருக்கும் மெடிக்கல், போலீஸ் சான்றிதழ் வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு 'உடன் வரவில்லை' என்றால் அதிகாரி காரணம் கேட்கலாம், அதற்கு உண்மையான பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

மறைத்தால் இரண்டு அடி. பொய்த்தகவல் என்று குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் முடிவானால் 5 வருஷம் கனடா பக்கம் வர முடியாது. தப்பித்து பிஆர் வாங்கிவிட்டாலும், குடிவரவு விதி 117(9)(டி)யின்படி, அன்றைக்குக் காட்டாத, மெடிக்கல் முதலிய பரிசோதனைக்கு உட்படாத துணையைப் பிறகு குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாது. கோப்பு போன பிறகுதான் ஒரு வருஷம் நிறைகிறது என்றாலும், பிஆர் கைக்கு வருவதற்கு முன் தெரிவித்தாக வேண்டும்.

ஸ்கார்பரோவிலிருந்து: அந்த 117(9)(டி)யில் நான் ஏற்கெனவே மாட்டிக்கொண்டேன். 2017இல் 'சிங்கிள்' என்று வந்து இறங்கினேன், துணை ஊரில் இருந்தார். இனி வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் நேர்வழி இல்லை. 2019 செப்டம்பரில் ஒரு தற்காலிகக் கொள்கை வந்தது. நீங்கள் அகதியாகவோ, துணை அல்லது பிள்ளை என்று ஸ்பான்சர் செய்யப்பட்டோ பிஆர் பெற்றவராக இருந்து, துணையைக் காட்டியிருந்தாலும் அன்றைக்கு உங்களுக்குத் தகுதி இருந்திருக்கும் என்றால் அதில் இடம் உண்டு. தகுதி கிடைக்கவே மறைத்தவர்களுக்கு இல்லை. அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னொரு வழி, 25ஆம் பிரிவின் கீழ் மனிதாபிமான அடிப்படையில் கேட்பது. எதை எழுதினாலும் உங்கள் சொந்த பிஆரையே கிளறிவிடும் அபாயம் இருப்பதால், ஒரு வரி அனுப்பும் முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். ஏஜென்ட் வேண்டாம்.

மிஸ்ஸிசாகாவிலிருந்து: அக்கா ஒருவர் வீட்டில் ஐந்து பேர் ரூம் எடுத்திருக்கிறோம். லீஸ் என் பெயரில் மட்டும். நாங்கள் இருவரும் ஜோடி என்று எதைக் காட்டி நிரூபிப்பது?

ஒரே கூரையின் கீழ் இருந்தால் மட்டும் போதாது, அப்படிப் பார்த்தால் அந்த ஐந்து பேருமே காமன்-லா ஆகிவிடுவீர்கள். கனடா நீதிமன்றங்கள் 1980இல் வந்த மோலோடோவிச் வழக்கிலிருந்து சில அம்சங்களைப் பார்த்து வருகின்றன: எங்கே தூங்குகிறீர்கள், யார் சமைப்பது, செலவு யார் கையில், சுற்றியிருப்பவர்கள் உங்களை ஜோடியாக அறிவார்களா. எல்லாமே இருக்க வேண்டும் என்றில்லை.

முதலில் அந்த அக்காவிடம், இந்தத் தேதியிலிருந்து இருவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்று கடிதம் வாங்குங்கள். முடிந்தால் லீஸில் இரண்டாவது பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரே முகவரிக்கு வந்த தனித்தனிக் காகிதங்கள்: டிரைவர் லைசன்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், டி4 (வேலையிடம் தரும் வருஷச் சம்பளச் சீட்டு), போன் பில். வாடகையில் பாதியை மாதாமாதம் இ-டிரான்ஸ்ஃபர் செய்திருந்தால் அந்தப் பட்டியல் நல்ல சாட்சி. வேலையிட இன்சூரன்ஸில் ஒருவரை ஒருவர் சேர்த்திருந்தால் இன்னும் நல்லது. போன வாரம் திறந்த ஜாயின்ட் அக்கவுன்ட்டைப் பெரிதாக நம்பாதீர்கள், தேதியை அதிகாரியும் பார்ப்பார். நயாகராவில் எடுத்த இருநூறு போட்டோவும் வேண்டாம். ஐஎம்எம் 5409 என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு இவற்றோடு வையுங்கள். அது தனியாக நின்றால் வலு குறைவு.

மார்க்கம் நகரிலிருந்து: எட்டு மாதமாகத்தான் சேர்ந்திருக்கிறோம், குழந்தை பிறந்துவிட்டது. டாக்ஸ் அலுவலகம் இப்போதே காமன்-லா என்கிறது. குடிவரவுக்கும் அதுதானே?

இல்லை. வருமான வரியில், சேர்ந்து வாழ்பவர்களுக்குக் குழந்தை பிறந்தால் 12 மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. குடிவரவில் அந்தச் சலுகை கிடையாது, ஒரு வருஷம் நிறைய வேண்டும். உங்கள் விஷயத்தில் இரண்டு இடத்தில் இரண்டு நிலை இருப்பது தவறில்லை, கடிதத்தில் இரண்டு வரியில் விளக்கிவிடுங்கள். இதுவரை 'சிங்கிள்' என்றே வரி கட்டியிருந்தால் திருத்திப் போடுங்கள். சைல்ட் பெனிஃபிட் (குழந்தைக்கு அரசு தரும் உதவித்தொகை) குடும்ப வருமானத்தை வைத்து வருவது, கூடுதலாக வாங்கியிருந்தால் திருப்பிக் கேட்பார்கள். கசக்கும்தான். ஆனால் வரியில் சிங்கிள், ஸ்பான்சரில் காமன்-லா என்று ஒரே வருஷத்துக்கு இரண்டு கதை இருப்பதுதான் கோப்பைக் கவிழ்க்கும்.

ஸ்கார்பரோவிலிருந்து இன்னொருவர்: இங்கே கோயிலில் தாலி கட்டினோம், கல்யாண லைசன்ஸ் எடுக்கவில்லை. 'மேரீட்' என்று போடலாமா?

லைசன்ஸ் இல்லாமல் நடந்தது ஒன்டாரியோவில் பதிவாகாது, சான்றிதழும் வராது. ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்திருந்தால் 'காமன்-லா' என்று போடுங்கள். தமிழ்நாட்டில் சடங்கோடு நடந்த இந்துத் திருமணம் என்றால் கதை வேறு. பதியாவிட்டாலும் அது சட்டப்படி திருமணம்தான், அங்கே பதிந்து சான்றிதழ் வாங்கிவிட்டு 'மேரீட்' என்றே போடுங்கள்.

மொன்றியலிலிருந்து: அவர் யாழ்ப்பாணத்தில், நான் இங்கே. இரண்டு வருஷமாக போனில்தான். விசிட்டர் விசா மறுத்துவிட்டார்கள். காமன்-லா ஆகுமா?

ஆகாது, சேர்ந்து வாழவில்லையே. 'கான்ஜுகல் பார்ட்னர்' என்று ஒரு பிரிவு உண்டு, ஆனால் அது கல்யாணமும் செய்ய முடியாமல், சேர்ந்து வாழவும் முடியாமல் பெரிய தடை இருப்பவர்களுக்கு. நீங்கள் ஊருக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்ய முடியும் என்றால் அதைச் செய்யுங்கள்.

சென்னையிலிருந்து: நாங்கள் இரண்டு பெண்கள், மூன்று வருஷமாக ஒரே ஃபிளாட். நான் மாஸ்டர்ஸ் படிக்கக் கனடா வருகிறேன். வீட்டுக்குத் தெரியாது. அவளைக் காட்டத்தான் வேண்டுமா?

காட்டுங்கள். கனடாச் சட்டத்தில் காமன்-லாவுக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை. விண்ணப்பத்தில் எழுதியதைப் பெற்றோருக்கு யாரும் சொல்லப்போவதில்லை. குடும்ப விவரப் படிவத்தை மட்டும் அப்பா கையில் கொடுத்து நிரப்பாதீர்கள். 16 மாதமோ அதற்கு மேலோ உள்ள மாஸ்டர்ஸ் என்றால் அவள் ஓப்பன் வொர்க் பெர்மிட் (எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் அனுமதி) கேட்கலாம், 2025 ஜனவரியிலிருந்து இந்தக் கால அளவு முக்கியம். உறவினர் கடிதம் இல்லையே என்று கவலை வேண்டாம். விஷயம் தெரிந்த நண்பர்கள் இரண்டு பேர் எழுதட்டும், குடும்பத்துக்கு ஏன் தெரியாது என்பதை நீங்களே ஒரு பத்தியில் எழுதுங்கள்.

ஒட்டாவாவிலிருந்து: பதினோராவது மாதத்தில் அம்மாவுக்கு ஆபரேஷன், மூன்று வாரம் ஊருக்குப் போனேன். கணக்கு முதலிலிருந்தா?

இல்லை. குடும்பக் காரணம், வேலைக் காரணம் என்று குறுகிய காலம் பிரிந்திருந்தால் தொடர்ச்சி அறுவதில்லை. டிக்கெட்டை வைத்திருங்கள்.