கைப்பிடியில் அடித்த சாயம் ஏன் உரிந்தது?

பினாங்கின் பிறையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 2008-ஆம் ஆண்டு மைவி கார். பல்கலைக்கழகம் செல்லும் மகளுக்கு அதைக் கொடுக்கப்போகிறார். உட்புறக் கதவுக் கைப்பிடிகளும் ரேடியோவைச் சுற்றியுள்ள பட்டையும் கீறல் விழுந்து வெளுத்துவிட்டன. பட்டறையில் 700 ரிங்கிட் கேட்டார்களாம். ஹார்ட்வேர் கடையில் பைலாக்ஸ் என்ற ஸ்ப்ரே சாய டப்பா ஒன்று வாங்கி ஒரு கைப்பிடிக்குத் தாமே அடித்திருக்கிறார். எட்டாம் நாள் நகம் பட்டதும் சாயம் வாழைப்பழத் தோலைப்போல உரிந்துவிட்டது. "விலை உயர்ந்த டப்பா வாங்கியிருக்க வேண்டுமா? உள்ளே நிறம் மாற்றவும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி வேண்டும், 250 ரிங்கிட் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு காசும் கொடுக்காதீர்கள். வண்டியின் பதிவில் இருப்பது வெளிப்புற நிறம். அதை மாற்றினால் ஜேபிஜேக்குப் போக வேண்டும். கதவுக்கு உள்ளே கைப்பிடி சாம்பலா கறுப்பா என்று யாரும் பதிவு செய்வதில்லை. எது தேவை, எது தேவையில்லை என்பதைச் சாதாரண மனிதருக்குப் புரியும் மொழியில் ஒரே ஒரு தாளில் அச்சிட்டு எல்லா இடங்களிலும் ஒட்டிவைத்தால் பணம் வாங்கிக்கொண்டு அலுவலக வேலையை முடித்துத் தரும் இந்த ரன்னர்களுக்குப் பிழைப்பே இருக்காது. நான் பட்டறையில் நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தாள் இன்னும் வரவில்லை.

இனிச் சாயத்துக்கு வருவோம். குறை டப்பாவில் இல்லை. சாயத்துக்கு அடியில் இருக்கிறது. கைப்பிடியைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில், இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே, அரிசியளவு ரோமன் எழுத்துகள் அச்சில் புடைத்திருக்கும். தூசியைத் துடைத்துவிட்டு, கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். பி.பி. என்று இருந்தால் அது பாலிபுரோப்பிலின். பின்னால் எண்கள் ஒட்டியிருந்தாலும் அது பி.பி.தான். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததுபோல அதன்மேல் சாயம் ஒட்டாது. நீங்கள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஒட்டாது. சில நாள் ஒட்டியதுபோல் இருந்து, உங்களுக்கு நடந்ததைப்போல உரிந்து வரும். ஏ.பி.எஸ். என்று இருந்தால் நல்ல செய்தி, அதில் சாயம் பிடிக்கும். ஆனால் சாயம் கரைக்கும் கடுமையான தின்னர் பட்டால் அந்தப் பிளாஸ்டிக்கே வெடித்துக் கோடு கோடாகிவிடும். ஆகவே தின்னர் துணியை இரண்டிலும் கொண்டுபோகாதீர்கள்.

இந்தச் சிறு எழுத்தைப் பற்றிக் கடையில் எவரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். "இது எல்லாவற்றுக்கும் ஆகும்" என்று சொல்லி டப்பாவை நீட்டியிருப்பார்கள். பி.பி.க்கு முதலில் அடிக்க வேண்டியது பிளாஸ்டிக் பிரைமர். அதிலும், ஒட்டுதலைக் கூட்டுவதற்கென்றே வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் நிறமில்லாமல் இருக்கும். ஹார்ட்வேர் கடையில் இல்லையென்றால் கார் சாயம் விற்கும் கடைக்குப் போங்கள். மெல்லியதாக, மூச்சுப் பட்ட கண்ணாடிபோல, ஒரே பூச்சு போதும். அதன்மேல் எவ்வளவு நேரத்துக்குள் நிறத்தை அடிக்க வேண்டும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். அந்த நேரம் தாண்டிவிட்டால் பிரைமர் அடித்தும் பயனில்லை.

அதற்கும் முன்னால் கழுவ வேண்டும். நான் பார்த்த கெட்ட வேலைகளில் பாதி இங்கேதான் கெட்டது. கார் கழுவும் கடைகளில் டேஷ்போர்டு பளபளக்கப் பூசுகிறார்களே, அதில் பெரும்பாலும் சிலிக்கான் இருக்கும். பல ஆண்டுகள் அது பிளாஸ்டிக்கின் சொரசொரப்பில் ஊறிக்கிடக்கும். அதன்மேல் சாயம் அடித்தால் மீன்கண்போல வட்டவட்டமாக விலகி, நடுவில் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பல் துலக்கியும் கொண்டு இரண்டு முறை தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அதன்பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். வழவழப்பான பாகத்தை 600-ஆம் எண் உப்புத்தாளால் லேசாக மங்கச் செய்யுங்கள். தோல்போலப் புள்ளியிட்ட பாகத்தில் உப்புத்தாள் வேண்டாம். அந்தப் புள்ளிகள் போனால் திரும்ப வராது. மெல்லிய தேய்ப்பு நாரே போதும்.

அடிக்கும்போது 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தடவை. முதல் பூச்சில் அடிநிறம் தெரியத்தான் செய்யும், பதறாதீர்கள். பினாங்கின் ஈரக்காற்றில் மாலை வேலை ஆகாது. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் அடித்தால் சாயம் பால் படிந்ததுபோல வெளுத்துவிடும். வெயில் ஏறிய காலை பத்து மணிக்குமேல், மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். வரிசை வீடாக இருந்தால் பக்கத்து வீட்டுக் கார் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் உள்ள எந்த மூடியிலும் சாயம் அடிக்காதீர்கள். ஸ்டியரிங்கின் நடுப்பாகம், பயணிக்கு எதிரே டேஷ்போர்டில் உள்ள மூடி, சில வண்டிகளில் கண்ணாடியோரத் தூண்கள் ஆகியவற்றுக்குப் பின்னால் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மோதலில் அது விரிய ஆகும் நேரம் ஒரு வினாடியில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஸ்டியரிங்கிலும் டேஷ்போர்டிலும் உள்ள மூடி எந்தக் கோட்டில் கிழிய வேண்டும் என்று உட்புறத்தில் மெலிதாகக் கீறி வைத்திருப்பார்கள். அதன்மேல் சாயம் ஏறி இறுகினால் கிழிவது மாறலாம். துணுக்குகள் முகத்தில் தெறிக்கலாம். "ஒரு மெல்லிய பூச்சுதானே" என்று பட்டறைக்காரர் சொல்வார். அவர் மகளா அந்த ஸ்டியரிங்கின் பின்னால் உட்காரப்போகிறார்? மூடி மங்கியிருந்தால் மங்கியபடியே இருக்கட்டும். ஸ்டியரிங்கையோ அந்த மூடியையோ நீங்களாகக் கழற்றவும் வேண்டாம்.

பழைய கார்ப் பாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடையில் "புதுசுபோல" இருக்கும் கைப்பிடி வாங்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். பழையதற்குச் சாயம் அடித்து, மேலே சிலிக்கான் தடவி வைத்திருப்பார்கள். நீங்கள் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டிய அதே வேலைக்குப் பணம் கொடுத்திருப்பீர்கள்.

மேலே பளபளப்புப் பூச்சு தேவையென்றால் சாதாரணமானதே போதும். அடியில் உள்ள பொத்தானை அழுத்திக் கடினமாக்கியைக் கலக்கும் டப்பாவை வீட்டில் தொடாதீர்கள். அதில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுக்கும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. என்னோடு வேலை கற்ற நண்பர் ஒருவர் ஆஸ்துமா வந்து நாற்பது வயதில் இந்தத் தொழிலை விட்டார்.

700 ரிங்கிட் நியாயமா என்றால், ஒரே கேள்வி கேளுங்கள்: "கழற்றி அடிப்பீர்களா, வண்டியிலேயே டேப் ஒட்டி அடிப்பீர்களா?" இரண்டாவது பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சாயம் உரிந்த அந்தக் கைப்பிடியிலிருந்தே தொடங்குங்கள். மிச்சச் சாயத்தை டேப்பால் ஒட்டிப் பிய்த்து எடுங்கள். ஒரு துணுக்கு விடாமல் எடுத்த பிறகே கழுவத் தொடங்குங்கள். அடித்து முடித்தபின் இரண்டு நாள் கழித்து மாட்டுங்கள். ஒரு வாரம்வரை கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்த வேண்டாம்.